வட்டமும் முக்கோணமும்: இரண்டு நகரங்களை நடந்து அளந்த கதை

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவன் நான். மேடையில் என்னை 'ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரி' என்று அறிமுகப்படுத்தும்போதெல்லாம் அவையில் ஒரு சலசலப்பு எழும். நரைத்த தலையைத் தேடிவரும் கண்கள் என்மீது பட்டு, நம்பாமல் விலகி, மறுபடியும் வந்து நிற்கும். அந்தச் சலசலப்பு எனக்குப் பிடிக்கும். முதல் வாக்கியத்தைச் சொல்லும் முன்பே அவை விழித்துக்கொள்வது எல்லாப் பேச்சாளருக்கும் வாய்ப்பதில்லை.

கப்பலைத் துறையில் கட்டும் கயிறு இழுவை தாங்காமல் அறுந்தால் சாட்டையைப்போல் திரும்பி அடிக்கும். அப்படி அடித்த கயிறொன்று என் இடது முழங்காலின் கதையை முடித்துவைத்தது. கடற்பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கைத்தடியோடு தூத்துக்குடியில் இறங்கினேன். கடல் போயிற்று, குரல் இருக்கிறது.

சென்ற வாரம் இவ்வூர்க் கல்லூரி ஒன்றின் பேச்சு மன்றத்து மாணவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய மூத்த மாணவர்கள் சிலர் ஃபிலடெல்பியாவிலும் சிலர் ஹூஸ்டனிலும் படிக்கிறார்களாம். 'எங்கள் ஊர்தான் உண்மையான நகரம்' என்று வாட்ஸப் குழுவில் மூண்ட சண்டை பட்டிமன்றத் தலைப்பாக வளர்ந்துவிட்டது. இரண்டு ஊர்களையும் பார்த்தவன் என்பதால் நான் நடுவராக வரவேண்டும் என்றார்கள். உடனே ஒப்புக்கொள்ள என் நாக்கு துடித்தது. ஆனால் அதே தலைப்பில் நான் முன்பே ஒரு முறை பேசியிருக்கிறேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தத் தீர்ப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது பேசியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் நடுவர் நாற்காலியில் அமர எனக்கு உரிமையில்லை. அந்தப் பெண்ணின் பெயர் ரெஜினா. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். "மறைச்சு வச்சதெல்லாம் போதும் அண்ணே, அப்படியே எழுதுங்க" என்றாள்.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டப்பிடாரத்துக்காரன். எங்கள் ஊரில் கப்பலையும் மேடையையும் தனித்தனியாகப் பேசுவதில்லை. அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். நான் சுழற்கோப்பைகள் வைத்திருந்தேன். கல்லூரியில் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் பேசுவேன். காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் பேசி இரண்டிலும் பரிசு வாங்கியதுண்டு. பிறகு கடல்சார் பயிற்சி, பயிற்சி மாலுமி, மூன்றாம் அதிகாரி, இரண்டாம் அதிகாரி என்று ஆண்டுகள் அலைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போயின. அவற்றில் சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான்: கேப்டன் சதாசிவத்தின் கீழ் வேலை பார்த்தது.

அவர் நாகர்கோவில்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அவரிடம் ஒரு கேள்வி இருந்தது: "வட்டமா, முக்கோணமா?"

இதை விளக்கவேண்டும். கடல் வரைபடத்தில் கப்பலின் இடத்தைக் குறிக்க வெவ்வேறு அடையாளங்கள் உண்டு. கலங்கரை விளக்கையோ கரையையோ கருவியால் நேரடியாக நோக்கி உறுதிசெய்த இடத்துக்கு வட்டம் போடுவோம். வேகம், திசை, நீரோட்டம் ஆகியவற்றைக் கொண்டு 'இங்கேதான் இருக்கவேண்டும்' என்று கணித்த இடத்துக்கு முக்கோணம் போடுவோம். வட்டம் என்றால் பார்த்தது. முக்கோணம் என்றால் கருதியது. இப்போது வரைபடம் திரைக்குப் போய்விட்டது. குறிகளை இயந்திரமே போட்டுக்கொள்கிறது. கேப்டனின் நாவிலிருந்து மட்டும் அவை போகவில்லை. யார் எதைச் சொன்னாலும் அந்தக் கேள்விதான். அரிசி போதும் என்று சமையற்காரர் சொன்னாலும் அதுதான். பம்பு சரியாகிவிட்டது என்று பொறியாளர் சொன்னாலும் அதுதான்.

ஒரு நாள் பிற்பகல் இரண்டாம் அதிகாரியாக, அவர் வாயில் 'செகண்ட்' ஆக, நான் கண்காணிப்பில் இருந்தேன். இடப்புறத்திலிருந்து ஒரு சரக்குக் கப்பல் எங்கள் பாதைக்குக் குறுக்கே வந்துகொண்டிருந்தது. விதிப்படி அதுதான் விலகவேண்டும்.

"அது நமக்கு வழிவிடும் சார்" என்றேன்.

"வட்டமா, முக்கோணமா?"

"விதிப்படி அது…"

"விதி எனக்கும் தெரியும் செகண்ட். திரும்ப ஆரம்பிச்சதைப் பாத்தியா?"

"இல்ல சார். முக்கோணம்."

"அப்போ அதை நம்பி நிக்காத. வட்டம் ஆகுற வரைக்கும் கையை சுக்கான்மேல வச்சிட்டு இரு" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். அந்தக் கப்பல் விலகியது. ஆனால் நாங்கள் ஒலியெழுப்பி எச்சரித்த பிறகுதான் விலகியது.

பேச்சாளனுக்கு இப்படிப்பட்ட மேலதிகாரி எத்தகைய துன்பம் என்பதை மேடை ஏறியவர்கள் அறிவார்கள். எங்கள் தொழிலே முக்கோணத்தை வட்டமென்று அவை நம்பும்படி பேசுவதுதானே! அவரோடு நான் மனத்துக்குள் வாதாடாத நாளில்லை.

இனி அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன்.

எங்கள் கப்பலின் தலைமைச் சமையற்காரர் புன்னைக்காயல் கஸ்பார் அண்ணன். கப்பலின் சமையலறையை அவர் ஒருநாளும் ஆங்கிலத்தில் சொன்னதில்லை, 'குசினி' என்பார். இரண்டாம் அதிகாரியின் பொறுப்பில் கப்பலின் மருந்தறையும் அடக்கம் என்பதால், அட்லாண்டிக்கின் நடுவில் ஒரு காலை அவர் என்னைத் தேடி அங்கே வந்தார். கதவைச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இந்த மாத்திரை சாப்பிடுத ஆளு கார் ஓட்டலாமா?"

எடுத்துப் பார்த்தேன். வலிப்புக்கான மாத்திரை. "உங்களுக்கா அண்ணே?"

"எனக்கில்ல. ரெஜினாவுக்கு."

ரெஜினா அவருடைய ஒரே மகள். எட்டாம் வகுப்பில் முதல் முறை வலிப்பு வந்தது. மருந்தால் குறைந்தது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. வண்டி ஓட்டவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கல்யாணப் பேச்சு வரும்போது தடையாகும் என்று வீட்டில் இதை எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். இப்போது அவளுக்கு மேற்படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று ஃபிலடெல்பியாவில், மற்றது ஹூஸ்டனில். எங்கள் கப்பலோ அந்தப் பயணத்தில் முதலில் ஃபிலடெல்பியாவில் சரக்கை இறக்கி, பிறகு ஹூஸ்டனில் ஏற்றவேண்டும். நாங்கள் ஹூஸ்டனை விட்டுக் கிளம்பும் முன் அவள் பதில் எழுதியாகவேண்டும்.

"ஓட்டக்கூடாதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. இருந்தாலும் நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா மனசு ஒரு நெலைக்கு வருமேன்னு கேட்டேன்" என்றார். "ரெண்டு ஊரும் நீரு பாத்திருக்கீரு, அங்கன காரு இல்லாம பொழைக்க முடியுமா, நீரே சொல்லும்னு பிள்ள கேக்கா. நான் என்னத்தப் பாத்தேன்? இதுல எது நெசமான டவுனு, எது சும்மா பெருசாக் கெடக்க ஊருன்னு நீங்கதான் சொல்லணும். ஆனா வெளிய ஒரு சொல்லு போவப்பிடாது."

வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

ஞாயிறு மதியம் பிரியாணி முடிந்து எல்லோரும் உணவறையில் சாய்ந்திருந்த வேளை. கஸ்பார் அண்ணன் மனம் பொறுக்காமல் பொதுவாக ஒரு கேள்வியைப் போட்டார்: "ஃபிலடெல்பியா பெரிய சிட்டியா, ஹூஸ்டன் பெரிய சிட்டியா?"

மூன்றாம் பொறியாளர் லூர்து, தூத்துக்குடித் திரேஸ்புரத்துக்காரர், உடனே நிமிர்ந்தார். "இதென்ன அண்ணே கேள்வி? ஹூஸ்டன்தான்!"

"செகண்ட்தான் பேச்சாளராச்சே. ரெண்டு பேரும் பேசுங்க. நான் கேக்கேன்" என்றார் கேப்டன்.

லூர்து ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் கரண்டியால் தட்டினார். "நடுவர் அவர்களே! சிட்டின்னா என்ன? இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் தெரியாத ரோடு வேணும். ஹூஸ்டன் ரோடு எம்புட்டு அகலம்! அதுல பாதி எடத்துல எங்க திரேஸ்புரத்துல ஒரு தெருவே குடும்பம் நடத்துது. ஒரு கடைக்குள்ள போனா வெளிய வர வழி தெரியல. ஃபிலடெல்பியாவ வேன்ல இருந்து பாத்தீயளா? நம்ம பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால உள்ள சந்து கெணக்கா இருக்கு. அந்தச் சந்தப் பாக்கவா ஏழு கடலும் தாண்டி வந்தோம்?"

உணவறை அதிர்ந்தது. நான் எழுந்தேன். நகரத்தின் அளவுகோல் அகலமா, நெருக்கமா என்று தொடங்கினேன். ஒரு கூரையின் கீழ் ஆயிரம் பொருள்களை அடுக்கினால் அது கிடங்கு. ஒரு தெருவில் ஆயிரம் மனிதரை அடுக்கினால்தான் நகரம் என்றேன். வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன.

"நெருக்கம் வேணும்னா திருச்செந்தூர் மினி பஸ்ல ஏறும்யா!" என்று லூர்து குரல் கொடுத்தார். என் வரிசை சிதறியது.

அவையோர் அறியாத ஒன்று எனக்குத் தெரியும். என் கையில் ஒரு வாதம் இருந்தது: காரோட்ட முடியாத ஒருத்தி ஹூஸ்டனில் எப்படி வாழ்வாள்? அந்த ஒரு கேள்வியை எழுப்பியிருந்தால் அவை அடங்கியிருக்கும். குசினியின் வாசலில் கைத்துண்டைப் பிசைந்துகொண்டு நின்ற கஸ்பார் அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையை மெல்ல அசைத்தார். வாளை உறையிலேயே வைத்துக்கொண்டு போரிட்டேன். கைதூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் ஹூஸ்டனுக்கே உயர்ந்தன. என் வாழ்வில் தோற்ற மேடைகள் சிலவே. அவற்றில் எதுவும் இவ்வளவு வலித்ததில்லை.

கேப்டன் மட்டும் கை தூக்கவில்லை. "லூர்து, ஹூஸ்டன்ல எவ்வளவு தூரம் நடந்திருக்க?"

"நடக்கவா? வேன்ல போவோம், கடையில எறங்குவோம், வேன்ல வருவோம் சார்."

"செகண்ட், நீ ஃபிலடெல்பியாவுல?"

நானும் அதையேதான் சொல்லவேண்டியிருந்தது. அமெரிக்கத் துறைமுக வாயிலை மாலுமி தன் விருப்பத்துக்கு நடந்து கடக்க முடியாது. மாலுமிகள் மையத்து வேன் வந்து அழைத்துப் போய் ஒரு பேரங்காடியில் இறக்கிவிடும். சாக்லேட்டும் சோப்பும் வாங்கிக்கொண்டு திரும்புவோம். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் வாயிலைத் தாண்டினால் ஊர் தொடங்கிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில், வேன் இறக்கிவிட்ட இடமே ஊரென்று நாங்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டும் முக்கோணம். தீர்ப்பு இல்லை" என்று கேப்டன் எழுந்து போனார்.

அவை கலைந்தது. கஸ்பார் அண்ணன் பாத்திரங்களைக் கழுவியபடி சொன்னார்: "எல்லாரும் ஹூஸ்டன்னுதான சொல்லுதாவ தம்பி. அதையே எழுதச் சொல்லிரட்டா?"

"கரையில கால வைக்கிற வரைக்கும் பொறுங்க அண்ணே."

அன்று மாலையே கேப்டனிடம் போனேன். இரண்டு துறைமுகங்களிலும் எனக்கும் சமையற்காரருக்கும் ஒரே நாளில் கரை விடுப்பு வேண்டுமென்றேன். சமையற்காரர் இறங்கினால் கப்பலில் அன்று ரொட்டியும் முட்டையும்தான் என்பது அவருக்கும் தெரியும்.

"எதுக்கு?"

"வட்டம் போடணும் சார்."

 "போயிட்டு வா. எல்லாரும் என்னைத்தான் திட்டுவானுக" என்றார்.

ஃபிலடெல்பியாவில் குளிர் இன்னும் விலகாத காலை. வேன் ஓட்டிய தன்னார்வலரிடம் பல்கலைக்கழகப் பகுதியில் இறக்கிவிடச் சொன்னோம். அங்கிருந்து எங்கள் பயணத் திட்டத்தை நான் வகுத்திருந்தேன்: அன்றைக்கு எங்கள் இருவரின் கால்களும் ரெஜினாவின் கால்கள். அவள் வாடகைக்கு இருக்கக்கூடிய ஒரு தெருவிலிருந்து புறப்படவேண்டும். வகுப்புக்கும் மருந்துக் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் காரில் ஏறாமல் போய்வரவேண்டும்.

தோள்களை உரசிக்கொண்டு நிற்கும் செங்கல் வீடுகள். ஒரு சுவரின் இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள். தெருமுனையில் கடை, அடுத்த முனையில் சலவைக்கடை, அதற்கடுத்த முனையில் மருந்துக் கடை. தெருவின் நடுவே தண்டவாளத்தில் டிராம் வந்தது. சக்கரக் கூடையை இழுத்துக்கொண்டு முதியவர்கள் காய்கறி வாங்கப் போனார்கள். தேவாலயம் ஒன்றின் கதவு திறந்திருந்தது. கஸ்பார் அண்ணன் உள்ளே போய் முழந்தாளிட்டு வந்தார். வேண்டியதெல்லாம் கால் வலிக்கும் முன்னரே கிடைத்துவிட்டது. எனக்குள் வெற்றிமுரசு கொட்டியது.

அவருக்கோ ஊர் பிடிக்கவில்லை. "என்ன தம்பி இது, தெருவெல்லாம் குப்ப. என்னத்தையோ பொகைக்கானுவ, வாட கொடலப் பொரட்டுது. வீடெல்லாம் சுருட்டுப் பெட்டிய நட்டு வச்சாப்ல நிக்கி. இந்தக் குளிருல பிள்ள வெறச்சுப் போவா."

நகர மையத்துக்குப் போகச் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினோம். படிக்கட்டில் ஒரு மனிதன் குறுக்கே கிடந்தான். போதையா, நோயா தெரியவில்லை. மேலங்கி அணிந்தவர்கள் கைபேசியைப் பார்த்தபடி அவனைத் தாண்டிப் போனார்கள். காலை மட்டும் சற்று உயர்த்தி வைத்தார்கள். கஸ்பார் அண்ணன் நின்றுவிட்டார். குனிந்து அவன் நெற்றியைத் தொட்டார். பெற்ற பிள்ளை தரையில் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கை அது. தானாகவே தலையை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்தது. அவர் நிற்பதைப் பார்த்து, தோளில் பையோடு போன ஒரு கறுப்பினப் பெண்மணியும் நின்றார். மூச்சு வருகிறது என்று எங்களுக்குச் சைகை காட்டிவிட்டு, யாரையோ தொலைபேசியில் அழைத்தார். ஆட்கள் வரும்வரை அங்கேயே நின்றார்.

கப்பலுக்குத் திரும்பினோம். வாயிலருகே அண்ணன் சொன்னார்: "தாண்டித் தாண்டிப் போறானுவளே தம்பி."

ஃபுளோரிடாவைச் சுற்றிக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்தபோது அவர் முகம் மலர்ந்தது. ஹூஸ்டன் கால்வாயில் சூடான காற்று அடித்தது. தட்டையான நிலம், உப்பு வாடை, புகைபோக்கிகள். "நம்ம அனல்மின் நிலையத்துப் பக்கம் போனாப்ல இருக்கு" என்றார். வேன்காரர் நம்மவர்கள் கடை ஒன்றில் நிறுத்தினார். அங்கே முருங்கைக்காயும் கருவாடும் இருந்தன. அண்ணனுக்கு அந்த இடத்திலேயே ஊர் முடிவாகிவிட்டது. "என் பிள்ளைக்கு இதுதான் தோது."

"நடக்கணும் அண்ணே. காரில்லாம" என்றேன்.

கடையின் வாசலிலேயே நின்று பார்த்தோம். சாலைக்கு அப்பால், எதிரே, ஒரு மருந்துக் கடை. அதன் பெயர்ப் பலகை தெளிவாகத் தெரிந்தது. நடுவில் நெடுஞ்சாலை. அதன் இருபுறமும் துணைச் சாலைகள். அவற்றின் ஓரத்தில் நடைபாதை கிடையாது. புல்லில் இறங்கி, கடக்குமிடம் தேடி நடந்தோம். நடக்க நடக்க மருந்துக் கடை பின்னால் போயிற்று, கடக்குமிடம் வரவில்லை. வண்டிகள் எங்கள் சட்டையைப் பறக்கவிட்டுப் போயின. பார்வைக்கு எட்டிய தூரம்வரை நடக்கும் மனிதர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

அண்ணன் புல்லில் நின்றார். "கடையிருக்கு, கண்ணுக்கும் தெரியுது, போவ வழியில்லயே! தீவுல எறக்கிவிட்டுட்டு வள்ளத்த எடுத்துட்டுப் போனாப்ல ஆயிட்டே."

அப்போது ஒரு பெரிய வண்டி வேகம் குறைத்து எங்கள் பக்கம் ஒதுங்கியது. தொப்பி அணிந்த ஒருவர் கண்ணாடியை இறக்கினார். உங்கள் கார் எங்கே நின்றுபோயிற்று என்று கேட்டார். காரே இல்லை என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அடுத்துக் கேட்டார். பிறகு கதவைத் திறந்து ஏற்றிக்கொண்டு, சுற்றுப்பாதையில் வளைந்து, அந்த மருந்துக் கடையின் வாசலிலேயே இறக்கிவிட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போனார்.

"தங்கமான மனுசன்" என்றார் அண்ணன்.

நடுநிலைமைக்காக அங்கேயும் பல்கலைக்கழகப் பகுதிக்குப் போனோம். அங்கே பெரிய மரங்களின் நிழலில் நல்ல நடைபாதை இருந்தது, டிராமும் ஓடியது. அருங்காட்சியகம், பூங்கா, மருத்துவமனைகள் எல்லாம் நடந்து போகும் தொலைவில் இருந்தன. ஹூஸ்டனில் நகரமே இல்லை என்று சொல்பவன் பொய்யன். நகரம் உண்டு, ஆனால் அது தீவு தீவாக இருக்கிறது. எங்கள் தூத்துக்குடிக் கடலில் வான் தீவும் முயல் தீவும் கிடப்பதுபோல. ஒவ்வொன்றும் தனக்குள் அழகானது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வள்ளம் வேண்டும். ஃபிலடெல்பியா அழுக்கானாலும் ஒரே கரை. கால் எங்கே போக நினைக்கிறதோ அங்கே தரை இருக்கிறது.

மறுநாள் காலை, புன்னைக்காயலில் மாலை. கப்பலின் பின்தளத்தில் அலைபேசித் தொடர்பு கிடைத்தது. கஸ்பார் அண்ணன் ஒலிபெருக்கியைப் போட்டார். நான் என் ஆய்வை வகைப்படுத்திச் சொல்லத் தொடங்கினேன்: தெரு, கடை, தொலைவு, தீவு, கரை. வட்டம் எது, முக்கோணம் எது என்பதையும் விளக்கினேன். ரெஜினா பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் கேக்கட்டா?"

"கேளும்மா."

"நான் ரோட்டுல விழுந்தா யாரு பாப்பாங்க?"

எத்தனையோ மேடைகளில் குறுக்குக் கேள்விகளைச் சந்தித்தவன் நான். கேள்வி முடியும் முன் பதில் வாயில் நிற்கும். ஆனால் என் அளவுகோல்கள் எல்லாம் நிமிர்ந்து நடப்பவனுடைய அளவுகோல்கள். அவள் கேட்டது தரையிலிருந்து.

கஸ்பார் அண்ணன் முந்திக்கொண்டார். "ஹூஸ்டனே போயிரு மக்கா. அங்கன ஒரு மனுசன் வண்டிய நிப்பாட்டிக் கேட்டாரு. அந்த ஊருல படியில கெடந்தவன மிதிக்காத கொறையாத் தாண்டிப் போறானுவ."

"அப்படியா அண்ணே?"

ஃபிலடெல்பியாவை வெல்லவைக்க நான் விரும்பினேன். உணவறைத் தோல்வி இன்னும் ஆறவில்லை. ஒரு வாக்கியத்தை விழுங்கினால் வழக்கு என் பக்கம் சாயும். ஆனால் வட்டம் வட்டமே.

"ஆமாம்மா. நிறையப் பேர் தாண்டித்தான் போனாங்க. அது வட்டம். உங்க அப்பா நின்னாரு. அப்புறம் ஒரு அம்மா நின்னாங்க. ஆள் வர்ற வரைக்கும் போகல. அதுவும் வட்டம்."

"ஹூஸ்டன்ல?"

"ஒருத்தர் நிறுத்தினாரு. ரொம்ப நல்லவர். அதுவும் வட்டம். ஆனா நாங்க நின்னுக்கிட்டு இருந்தோம், அவர் கண்ணுக்குத் தெரிஞ்சோம். புல்லுல விழுந்து கிடந்திருந்தா, ஓடுற வண்டியிலிருந்து தெரிஞ்சிருக்குமா? தெரியல. முக்கோணம்."

 மறுமுனையில் கோயில் மணி கேட்டது.

"தாண்டிப் போறதுக்காவது ஆளு வேணுமில்லப்பா" என்றாள் ரெஜினா. "நெறைய பேரு தாண்டுனா அதுல ஒருத்தராவது நிப்பாங்க. ஆளே நடக்காத எடத்துல அந்த ஒருத்தருக்கு நான் எங்க போவேன்? ஃபிலடெல்பியாவுக்கே எழுதிருதேன்."

கஸ்பார் அண்ணன் கால்வாயைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "குளிருக்கு நல்ல சட்ட வாங்கிக்க" என்றார்.  நான் கேப்டனிடம் போய் வட்டம் போட்டாயிற்று என்றேன். எந்த ஊருக்கு என்று அவர் கேட்கவில்லை. "ரொட்டியும் முட்டையும் தின்னதுக்குப் பலன் உண்டு, அப்படித்தானே?" என்றார்.

அதற்கடுத்த பயணத்தில்தான் அந்தக் கயிறு என் முழங்காலை அடித்தது.

தூத்துக்குடிக்கு வந்த புதிதில் கைத்தடி எனக்கு வசப்படவில்லை. பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு பள்ளத்தில் தடியின் முனை இறங்க, நடுத்தெருவில் விழுந்தேன். ஆட்டோ நின்றது, அதன் பின்னால் ஊரே நின்றது. பழக்கடை அண்ணாச்சி சோடாவை உடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "எந்தூரு தம்பி? யாரு மகன்?" என்று விசாரணை நடந்தது. "பாத்து நடக்கக்கூடாதா ஏலே" என்று ஒருவர் ஏசினார். இன்னொருவர் என் செருப்பைத் தேடி எடுத்துவந்தார். வலியைவிட அவமானம் பெரிதாக இருந்தது. ஊர் முழுவதும் பார்க்க விழுந்துவிட்டோமே என்று குமைந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ரெஜினாவின் கேள்வி நினைவுக்கு வந்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் பட்டிமன்றத்துக்கு வருகிறேன். உயரமும் அகலமும் மக்கள்தொகையும் நீங்கள் பேசுங்கள், நானும் ரசிப்பேன். தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் இரண்டு அணிகளிடமும் அவளுடைய கேள்வியைத்தான் கேட்பேன். பதிலோடு வாருங்கள். பதில் வட்டமா முக்கோணமா என்றும் சொல்லுங்கள்.

ஏனென்றால், ரெஜினா போன குளிர்காலத்தில் எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினாள். பின்னணியில் டிராமின் மணி ஒலித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, நேத்து விழுந்துட்டேன். கடை வாசல்ல. முழிச்சுப் பாத்தா தல ஒரு பாட்டியம்மா மடியில இருந்துச்சு. ஒரு பையன் என் பையப் பத்திரமாப் பிடிச்சிருந்தான். கடைக்காரரு ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தாரு. பேரு கூடத் தெரியாது அண்ணே, யாரு என்னன்னே தெரியாது. நெறைய பேரு தாண்டிப் போயிருப்பாங்க, அத நான் பாக்கல. இத நான் பாத்தேன். வட்டம் போட்டுக்கோங்க."